நாலு வேலை பார்த்து ஒரு மில் போட்ட கதை

தூள் அரைக்கிற மில் நடத்துபவளுக்கு ஒரு நாளில் இரண்டு நிறம்: காலையில் வெள்ளை, பின்னேரம் சிவப்பு. காலையில் அரிசி, உழுந்து, குரக்கன் என்று வருவதால் கண்ணிமை வரைக்கும் மா. பின்னேரம் மிளகாயும் மல்லியும். தும்மல் மட்டும் இரண்டு நேரத்துக்கும் பொது.

ஸ்கந்தபுரத்தில் என் மில்லுக்கு வருகிறவர்கள், "சாந்தி, இந்தத் தொழிலை எங்கை பழகினனீர்?" என்று கேட்பார்கள். ஓரிடத்திலும் பழகவில்லை. மில் போடுவதற்கு முன் நாலு இடத்தில் வேலை செய்தேன். நாலிலும் தூள் அரைக்கிற மெஷினைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. சொந்தமாக ஒரு கடையோ தையல் அறையோ கோழிக்கூடோ வைத்துவிட்டு, இருந்த வேலையை ஏன் விட்டோம் என்று மாதத்துக்கு ஒருதரம் தலையில் கைவைத்து யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் என் இனம். மற்றவர்கள் வாசித்துச் சிரித்தாலும் குறையில்லை.

மேசைக்குக் கீழே ஏழு சேட்

பத்தொன்பது வயதில் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். சேட்டுக்குப் பொக்கற் தைப்பது என் வேலை. ஒரு சேட்டுக்கு ஒரு பொக்கற். கண்ணை மூடிக்கொண்டும் தைக்கலாம் என்று மூன்றாவது மாதத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு ஒருநாள் காலை, பக்கத்து மெஷினில் இருந்த சுதாவோடு கதைத்துக்கொண்டே தைத்ததில் ஏழு சேட்டுக்குப் பொக்கற் சரிந்துபோய்விட்டது.

மேற்பார்வையாளரிடம் சொன்னால் ஏச்சு விழும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத் தைத்துவிடலாம் என்று ஏழையும் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தேன். பிரிப்பது தைப்பதைவிட எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டுதான் முடிந்தது. பின்னேரம் எண்ணிப் பார்த்தபோது ஐந்து சேட் குறைந்தது. எங்கள் வரிசை முழுவதையும் நிறுத்திவைத்துத் தேடினார்கள். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்கிடையில் தொழிற்சாலை பஸ் போய்விட்டது.

சுதாவுக்கு வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பால் கட்டி, நெஞ்சு நனைந்த சட்டையோடு அவள் அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றாள். நான் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் சொன்னது இவ்வளவுதான்: "பிழை விட்டதுக்கு ஒண்டும் இல்லையடி. காலமையே சொல்லியிருந்தா ஏழு பேர் ஆளுக்கு ஒண்டு பிரிச்சிருப்பம்."

பஸ் நிறைய இருமல்

நான் கல்யாணம் முடித்தது மேசன் வேலை செய்கிற ரவியை. கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே எங்கள் குடித்தனம். முதலில் புளியங்குளம். கண்டி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல் வேலை கிடைத்தது. கடையை நடத்தியது கமலா அக்கா. யாழ்ப்பாணம் போகிற பஸ்கள் கால்மணித்தியாலம் நிற்கும். அதற்குள் நாற்பது பேருக்குச் சாப்பாடும் தேத்தண்ணியும் கொடுத்தாக வேண்டும்.

கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கிற வேலையை அக்கா ஒருநாள் என்னிடம் விட்டார். வீட்டில் ஒரு பிடி வறுத்த கைக்கு ஐந்து கிலோ கிடைத்தால் எப்படி இருக்கும்? தாச்சி சூடேறிய வேகத்தை நான் கவனிக்கவில்லை. புகை எழும்பிய நேரம்பார்த்து ஒரு பஸ்ஸும் வந்து நின்றது. காற்று பின்பக்கமிருந்து வீச, குசினிப் புகை நேரே கடைக்குள் போனது. இருமல் ஒரு மேசையில் தொடங்கி எல்லா மேசைக்கும் பரவியது. சிலர் கோப்பையைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒரு வயதான அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பாதிச் சோற்றோடு எழும்பிப் போனார்.

அந்த மிளகாயை முழுக்கக் கொட்டினோம். அதன் பிறகு நிறத்தைப் பார்க்காமல் மணத்தை வைத்தே வறுவலைப் பிடிக்கப் பழகினேன். அடுப்பு மூட்ட முன் வெளியே வந்து வேப்பமரம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவும் பழகினேன். ஆனால் அன்றைக்கு, கண்ணெல்லாம் சிவந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்ற கொண்டக்டர் அண்ணை ஏசவில்லை. கைகூப்பாத குறையாகக் கேட்டார்: "தங்கச்சி, நாங்கள் வாறதுக்கு முன்னம் வறுங்கோ. இல்லாட்டி நாங்கள் போன பிறகு வறுங்கோ. நிக்கேக்க மட்டும் வேண்டாம்."

மடிக்கிறபோது முகம்

அடுத்த கட்டடம் முல்லைத்தீவில். அங்கே பாயிஸ் நானாவின் புடவைக்கடையில் நின்றேன். நானாவின் குடும்பம் இடம்பெயர்ந்து பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். முன்பு தகப்பன் கடை வைத்திருந்த அதே தெருவில் இவர் சின்னதாகத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவருக்கு முக்கியம்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்து அலுமாரியில் இருந்த சேலை முழுவதையும் இறக்கவைத்தார். முப்பதுக்குக் குறையாது. கரையைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "பிறகு வாறன்" என்று போய்விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் ஒரு சொல் வரவில்லை என்பதில் எனக்குப் பெருமை. பேசாமல் மடித்து வைத்தேன்.

அடுத்த கிழமை அதே அம்மா மகளையும் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணச் சேலை எடுக்கிற கூட்டம். எனக்குத் தெரிந்த முகம் என்று சிரித்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி நானாவைப் பார்த்தார். குரலில் ஒரு காரமும் இல்லை, கேட்க வெட்கப்படுகிறவர் மாதிரித்தான் சொன்னார்: "நானா, நீங்களே காட்டுங்கோவன். போன முறை அந்தப் பிள்ளை மடிக்கேக்க முகத்தைப் பாத்தனான், திரும்பக் கரைச்சல் குடுக்க மனமில்லை."

மெதுவாகச் சொன்ன வார்த்தை

நாலாவது இடம் துணுக்காயில் ஒரு நெல் ஆலை. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. காய்ந்ததா என்று பார்க்க ஒரு மணியைக் கடித்துப் பார்ப்போம். நறுக்கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். இரண்டு போகத்துக்குள் என் பல்லுக்கு அது பாடமாகிவிட்டது.

நாகலிங்கம் ஐயா என்று ஒரு விவசாயி. மகளின் வீட்டுக் கூரை வேலைக்கு ஆள் வந்து நிற்கிறது, அரிசியை விற்றாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. மெஷின்காரர் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு, காணும், காய்ந்துவிட்டது என்றார். நான் கடித்துப் பார்த்தேன், நசுங்கியது. "இன்னும் காயேல்லை போலக் கிடக்கு," என்றேன். எனக்கே கேட்காத குரல். ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் கூலிக்கு நெல் கிளறுகிறவள் எப்படிச் சத்தம் போடுவது என்று நினைத்துவிட்டேன்.

அரிசி பாதிக்குப் பாதி உடைந்து குறுணலாக வந்து விழுந்தது. ஐயா ஒரு கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம் நடந்து வந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தது போதாமல் போயிருக்கிறது. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு தங்கச்சி. அடுத்த முறை மற்றவைக்குக் கேக்கிற மாதிரிக் கத்திச் சொல்லுங்கோ," என்றார்.

ஒரு வரிக் கட்டம்

மகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் நாங்கள் ஸ்கந்தபுரத்துக்கே திரும்பினோம். அம்மாவும் அங்கேதான் இருந்தா. அந்த வருடம் எங்கள் பக்கத்து மில்காரர் பிள்ளைகளோடு இருக்கவென்று மில்லை மூடிவிட்டுப் போனார். அதன் பிறகு பஸ் தரிப்பிடத்தில் காலையில் நிற்கிற பெண்களின் மடியைப் பார்த்தால் போதும்: மிளகாய்ப் பை, மல்லிப் பை, ஊறவைத்து வடித்த அரிசி வாளி. எல்லாம் கிளிநொச்சி ரவுணுக்குப் போய் அரைத்துவர. ஊறிய அரிசி பஸ் தாமதித்தால் புளித்துவிடும். ஒருத்தி வழியிலேயே அரிசியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததைக் கண்ட அன்றைக்குத்தான் நான் ரவியிடம் வாய்விட்டுச் சொன்னேன், நாங்கள் ஒரு மில் போட்டால் என்ன என்று.

தொழில் தொடங்குகிறவர்கள் நிரப்பிக் கொடுக்க ஒரு படிவம் இருந்தது. அதில் முன்னனுபவம் என்று ஒரு கட்டம். ஒரே ஒரு வரி. நான் நாலு வேலையையும் நெருக்கி நெருக்கி எழுதி, ஓரத்தில் திருப்பி மேலே ஏற்றியும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அலுவலர் நல்ல மனுசி. தையல், குசினி, புடவை, நெல் என்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தா. இரண்டாம் முறையும் வாசித்தா. பிறகு என் மனம் நோகக்கூடாது என்ற கவனத்தோடு கேட்டா: "இதில எது தங்கச்சி தூள் அரைக்கிற வேலை?"

காற்றுக்கு ஒரு கொட்டில்

கொட்டிலை ரவிதான் கட்டினார். தன் கையால் முதன்முறை தன் வீட்டுக்குக் கட்டுகிற கட்டடம் என்று அவருக்கு ஒரு சந்தோசம். நான் அதைக் கெடுத்தேன். அவர் வாசல் வைத்த பக்கம் எனக்குச் சரிவரவில்லை. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் மிளகாய்ப் புகை நேரே ரோட்டுக்குப் போகும்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற ரோட்டுக்கு. மாற்றினார். வாடைக் காற்று தொடங்கினால் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகுமே என்றேன். எதிர்ப்பக்கம் இன்னொரு யன்னல் வைத்து, காற்றுக்கேற்ப ஒன்றைத் திறந்து ஒன்றை மூடலாம் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாளும் நான் வெளியே நின்று, எரித்த கடுதாசிச் சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரவி சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். புளியங்குளத்துப் பஸ் கதை அவருக்கும் தெரியும். என்றாலும் கேட்டார்: "நான் மெஷினுக்குக் கொட்டில் கட்டுறனோ, காத்துக்குக் கட்டுறனோ?"

காது பொய் சொன்ன நாள்

நாலு வேலை பார்த்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் வாங்கிய பழைய மெஷின் வந்து இறங்கியது. எலெக்ட்ரீசியன் தம்பி வயர் கொடுத்துவிட்டு, இன்னொரு வேலைக்கு ஓடிவிட்டான். நான் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டேன். மெஷின் உறுமியது, மா வரவில்லை. தொழிற்சாலையில் ஊசி உடைவதற்கு முன்னமே சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற காது என்னுடையது. அந்தக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே பெயாரிங் போய்விட்டது என்று ரவிக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

இருவரும் மெஷினைக் கழற்றினோம். எல்லா நட்டும் பழைய துணியில் வரிசையாக. பெயாரிங்கைக் கழுவினோம், கிறீஸ் பூசினோம், பூட்டினோம். ஓடவிட்டோம். அதே உறுமல். விற்ற ஆள் எங்களை ஏமாற்றிவிட்டான் என்று ரவி சொல்ல, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம், அடுத்த கிழமையில் இருந்து அரைக்கலாம் என்று.

பின்னேரம் அந்தத் தம்பி திரும்பி வந்தான். மோட்டர் சுத்துகிற பக்கத்தை ஒருதரம் பார்த்தான். மெயினை நிறுத்தி, இரண்டு வயரை இடம் மாற்றிப் பூட்டினான். மா கொட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னான்: "மெஷினில ஒரு குறையுமில்லை அக்கா. பின்பக்கமா ஓடினது, அவ்வளவுதான்."

மல்லிக்குள் ஒரு தோடு

அதே காது ஒருநாள் தன் மானத்தைக் காப்பாற்றியது. புஷ்பம் என்று ஒரு வாடிக்கைக்காரி. பல நாளாகச் சாக்கில் கிடந்த மல்லியைப் பாயில் காயப்போட்டு, அப்படியே அள்ளி வந்திருந்தா. எவ்வளவு அவசரமானாலும் நான் மெஷின் வாயில் மொத்தமாகக் கொட்டுவதில்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவேன். மூன்றாவது பிடியில் உள்ளே சின்னதாக ஒரு சத்தம். கல் விழுந்தால் வேறு மாதிரி இருக்கும். நிறுத்திக் கழற்றிப் பார்த்தால், இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு தங்கத் தோடு, ஒரு பக்கம் நசிந்து.

புஷ்பம் அதைக் கையில் வாங்கியதும் கதிரையில் குந்திவிட்டா. அந்தத் தோடு காணாமல் போய் ஒன்றரை மாதம். அன்றைக்கு வீட்டுக்கு வந்துபோனது அவவின் மச்சாள் மட்டும். நேரே கேட்கவில்லை, ஆனால் அதன் பிறகு மச்சாளோடு கதையில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவாம். மச்சாளுக்கு ஏன் என்று இன்றுவரைக்கும் தெரியாதாம். நசிந்ததைத் தட்டான் சரிபண்ணித் தருவான் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவவுக்கு அது காதில் விழவில்லை. அரைத்த மல்லியைக்கூட எடுக்காமல் எழும்பினா. "நசிஞ்சது காரியமில்லை. நான் முதல் அவள் வீட்டை போகவேணும்."

நானே கொட்டிறன்

வாடிக்கையாளரிலே எனக்குப் பயமான ஒருவர் இருந்தார். மகேஸ்வரி அக்கா. எங்கள் மில்லில் இருந்து நாலாவது ஒழுங்கையில் வீடு. முதல் நாள் வந்து, மெஷின் துப்புரவாக இருக்கிறதென்று சந்தோசமாகத்தான் கதைத்தா. அந்த நேரம் பார்த்து அம்மா வீட்டுப் பக்கம் இருந்து, "ஏ புள்ள, டீ ஆறுது பாரு," என்று கூப்பிட்டா. அந்தப் பேச்சு நடையைக் கேட்டதும் மகேஸ்வரி அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா மலைநாட்டுப் பக்கமோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அம்மாவும் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்தவர்கள். இந்த மண்ணில் காடு வெட்டி, கிணறு வெட்டி, மிளகாய் நட்டவர்கள். நான் பிறந்ததே இந்த ஊரில்தான். இதையெல்லாம் அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த முறையில் இருந்து அவ தன் சுளகு, தன் அரிதட்டு, தன் கரண்டி எல்லாம் கொண்டு வந்தா. மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றா. நான் பையைத் தூக்கக் கை நீட்டினால், தானே தூக்கிக்கொண்டா. எனக்கு விளங்காமல் இல்லை, தோட்டத்து ஆட்களின் கை தன் மாவில் படக்கூடாது. பாயிஸ் நானாவின் கடை ஞாபகத்தில், முகத்தை மட்டும் கவனமாக வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன நடந்தது என்பது வேறு. அவ என்றைக்கும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்பதுதான் பெரிய கரைச்சல். ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு சொல்லுவா: "குறை நினையாதேங்கோ, நானே கொட்டிறன்."

சிவந்த மா

மகேஸ்வரி அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. அரியதரப் பலகாரத்துக்கு எட்டுக் கிலோ அரிசி ஊறவைத்துக் கொண்டு வந்தா. வழக்கம்போல் பக்கத்தில் நின்றா. அப்போது போன் அடித்தது. வவுனியாவில் இருந்து சொந்தக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள், பூட்டிய வீட்டின் திறப்பு அவவிடம். பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அரைச்சு வையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனா. அப்படி விட்டுப்போனது அதுதான் முதல் தடவை.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரே ஒரு மெஷின்தான். காலையில் மா, பின்னேரம் தூள் என்று ஒழுங்கு வைத்திருந்தேன். அன்றைக்குக் காலை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவதிப்பட்டு வந்த ஒருவருக்காக ஒழுங்கை மீறி ஒரு கிலோ மிளகாய் அரைத்துக் கொடுத்திருந்தேன். பிறகு குறுணலைப் போட்டு மெஷினைத் துப்புரவாக்கினேன். போதும் என்று நினைத்தேன். எட்டுக் கிலோவும் அரைத்து முடித்த பிறகுதான் வாளியில் கையை விட்டுப் பார்த்தேன். அடிமாவில் மெல்லிய சிவப்பு. முகர்ந்தேன்; காரம். மேலுள்ள மாவோடு கலந்துவிட்டால் நிறம் தெரியாது. சீனியும் சேர்ந்து எண்ணெயில் பொரிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு எண்ணமும் வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். தொழில் செய்கிறவர்களுக்கு அந்த எண்ணம் எவ்வளவு இனிமையான குரலில் பேசும் என்று தெரியும்.

போனை எடுத்தேன். "அக்கா, உங்கட மாவைப் பழுதாக்கிப் போட்டன். மிளகாய் கலந்திட்டுது." "முழுக்கவோ?" என்று அவ கேட்டா. ஓம் என்றேன். "விட்டிட்டு வந்தது என்ர பிழை," என்று வைத்துவிட்டா. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் வீட்டுப் பச்சையரிசியில் எட்டுக் கிலோவை அம்மா ஊறவைத்தா. அது ஊறுவதற்குள் நானும் ரவியும் மெஷினைக் கழற்றிக் கடைசித் தட்டுவரைக்கும் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தோம். கழற்றுவதில் முன்பே பழக்கம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அரிசி வடிய, முதலில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ அரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் போட்டேன். மூன்று மணிக்கு மோட்டர் சைக்கிளில் வாளியோடு அவ வீட்டில் போய் இறங்கினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள், தாச்சி, பாகு, எண்ணெய் எல்லாம் தயார், மாவுக்காகத்தான் காத்திருந்தார்கள். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. அதில் ஒருத்தி, "இவையளிட்டக் குடுத்தா இப்பிடித்தான்," என்று சொல்லத் தொடங்கினா. மகேஸ்வரி அக்கா வாளியைத் திறந்தா. ஒரு கிள்ளு மாவை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டா. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினா. "சொல்லாமல் விட்டிருந்தா நாங்கள் எல்லாருக்கும் அதைத்தான் பொரிச்சுக் குடுத்திருப்பம். மாவைக் கொட்டுங்கோ, வேலையைத் தொடங்குவம்."

மிச்ச எட்டுக் கிலோ

பழுதான மாவை எறிய மனம் வரவில்லை. வறுத்து வைத்து ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டில் பிட்டு. மகள் முதல் நாள் தண்ணி கேட்டாள், இரண்டாம் நாள் சீனி கேட்டாள், மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். ரவி மட்டும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் நான் கறிச்சட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது, அதைக் கையால் மெதுவாகத் தள்ளிவைத்தார்: "கறி வேண்டாம். அது பிட்டுக்குள்ளேயே இருக்கு."

பை மட்டும்

அதற்குப் பிறகு மகேஸ்வரி அக்கா ஒரு மாதம் வரவில்லை. மா கொடுத்த நாள் ஆதரவாகக் கதைத்தாலும், இனி இந்தப் பக்கம் வரமாட்டா என்றே நினைத்தேன். அந்த மாதத்துக்குள் மிளகாய்க்கென்று தனியாக ஒரு சின்ன மெஷினைத் தேடிப் பிடித்துப் பூட்டினோம். எந்தப் பக்கம் சுத்துகிறது என்று முதலில் பார்த்தேன். மாப்பக்கத்தில் மிளகாய்ப் பையை யார் வைத்தாலும், துணுக்காயில் வராத குரல் இப்போது எனக்கு வருகிறது. ரோட்டால் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவ வந்தா. உழுந்தும் அரிசியும். சுளகு இல்லை, அரிதட்டு இல்லை, கரண்டி இல்லை, பை மட்டும். மறந்துவிட்டா என்று நினைத்து, எங்கள் கரண்டியைக் கழுவி நீட்டினேன். அவ வாங்கவில்லை. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தா. அம்மா முற்றத்தில் செத்தல் மிளகாய்க்குக் காம்பு உடைத்துக்கொண்டிருந்தா. அம்மாவின் மிளகாய்க் கன்றைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல; எந்த இனம், எப்போது நட்டது என்றெல்லாம் என்னிடம் கேட்டா. எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன். பையை என் கையில் தந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டா. "நீங்களே கொட்டி அரையுங்கோ. நான் அம்மாவோட இருந்து கதைச்சிட்டு வாறன்."

ஒரே இடத்தில் இருந்து வேலை செய்திருந்தால் ஒரே பிழையைத்தான் காலம் முழுக்க விட்டிருப்பேன். நாலு இடத்தில் வேலை செய்த புண்ணியத்தில், சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது என் கைவசம் நாலு விதமான பிழைகள் தயாராக இருந்தன.